‘குரூசிங்’ படத்தில் கடைசியில் கொலைகாரன் யார்?

கேட்டிருப்பது இதுதான். அல் பசினோ நடித்த ‘குரூசிங்’ (1980) படத்தை ஒருவர் ராத்திரி தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். படம் முடிந்தும் கொலைகாரன் யார் என்று பிடிபடவில்லை. தேடிப் பார்த்தால் ஒரு பக்கம் ‘தன்பாலீர்ப்பாளர்களைக் கேவலப்படுத்திய படம்’ என்கிறார்கள், இன்னொரு பக்கம் ‘அநியாயமாக அமுக்கப்பட்ட மாஸ்டர்பீஸ்’ என்கிறார்கள். உண்மைச் சம்பவம் என்றும் ஒரு பேச்சு. எதை நம்புவது என்று கேட்கிறார். பல கேள்விகள் மாதிரி தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இயக்குநர் தெரிந்தே குழப்பினாரா, அல்லது அவரே குழம்பிப்போனாரா? அதைப் பிடித்துக்கொண்டு போனால் மற்றவை பின்னாலேயே வந்துவிடும்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். 22 வருஷமாகச் சென்னையில் சினிமாவுக்கு ஒலி வேலை செய்கிறவன். டப்பிங் தியேட்டரில் எடுபிடியாக ஆரம்பித்து, எஃபெக்ட்ஸ் எடிட்டிங் வழியாக மிக்ஸிங்குக்கு வந்தவன். விமர்சகன் இல்லை. நியூயார்க்கைக் கண்ணால் பார்த்ததில்லை. படம் எந்தச் சமூகத்தைப் பற்றியதோ அதைச் சேர்ந்தவனும் இல்லை. அவர்களுக்கு இந்தப் படம் எங்கே வலித்தது என்பதை அவர்கள் எழுதியதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன், ஆகவே அந்த இடங்களில் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கேளுங்கள். ஒலி விஷயத்தில் மட்டும் உரிமையோடு பேசுவேன். இந்தப் படத்தின் முக்கால்வாசி ரகசியம் ஒலிப்பட்டையில்தான் இருக்கிறது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதை. (முடிவைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியாது. பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.) நியூயார்க்கில் லெதர் பார்களுக்கு, அதாவது தோல் உடை போட்ட தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் மதுக்கூடங்களுக்கு, போகும் ஆண்கள் ஒவ்வொருவராகக் கத்தியால் குத்தப்பட்டுச் சாகிறார்கள். செத்தவர்களின் ஜாடையிலேயே இருக்கிறான் ஸ்டீவ் பர்ன்ஸ் என்ற இளம் போலீஸ்காரன். கேப்டன் எடல்சன் அவனைக் கூப்பிட்டு, அந்த உலகத்துக்குள் தூண்டில் புழுவாக அனுப்புகிறார். பர்ன்ஸாகப் பசினோ, எடல்சனாக பால் சொர்வினோ, பர்ன்ஸின் காதலி நான்சியாக கேரன் ஆலன். இயக்கம் வில்லியம் ஃப்ரீட்கின். ‘தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்’, ‘தி எக்ஸார்சிஸ்ட்’ எடுத்த அதே ஆள். நியூயார்க் டைம்ஸில் வேலை பார்த்த ஜெரால்ட் வாக்கர் 1970இல் எழுதிய நாவல்தான் மூலம். தலைப்பில் ஒரு சிலேடை இருக்கிறது. ஆண்கள் துணை தேடி இரவில் சுற்றுவதற்கும் அந்தச் சொல்தான், போலீஸ் வண்டி ரோந்து சுற்றுவதற்கும் அந்தச் சொல்தான். இந்தச் சிலேடையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

உண்மைக் கதையா என்ற விஷயத்தில், உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்தே சொல்கிறேன். ராண்டி ஜர்கன்சன் என்ற நியூயார்க் துப்பறியும் அதிகாரி 1960களில் தன்பாலீர்ப்பாளர்களைக் குறிவைத்த குற்றவாளிகளைப் பிடிக்க மாறுவேடத்தில் அனுப்பப்பட்டார். அவர்தான் படத்துக்கு ஆலோசகர், ஒரு சின்ன வேஷத்தில் நடித்தும் இருக்கிறார். பர்ன்ஸின் எலும்புக்கூடு அவரிடமிருந்து வந்தது. இரண்டாவது சரடு இன்னும் விசித்திரமானது. ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தில் அந்தச் சிறுமியின் கழுத்தில் ஊசி போட்டு எக்ஸ்ரே எடுக்கும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? பேய் வரும் காட்சிகளை விட அதில்தான் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதில் சிறுமியிடம் மெல்லப் பேசி ஆறுதல் சொல்லும் தாடிக்காரர் நடிகர் இல்லை, நிஜமாகவே மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்தவர். பால் பேட்சன் என்று பெயர். ‘வெரைட்டி’ பத்திரிகையில் சினிமா பற்றி எழுதிவந்த அடிசன் வெரில் என்பவரை 1977இல் கொன்றதற்காக 1979இல் இவருக்குத் தண்டனை கிடைத்தது. இருவரும் அந்த இரவு ஒரு பாரில் சந்தித்தவர்கள். ஃப்ரீட்கின் சிறைக்கே போய் அவரைப் பார்த்தார்.

இதுவரை சந்தேகமில்லை. சந்தேகம் இதற்கு அப்புறம்தான். 1970களின் பின்பாதியில் ஹட்சன் ஆற்றில் பிளாஸ்டிக் பைகளில் ஆண்களின் உடல் துண்டுகள் மிதந்து வந்தன. படத்தின் முதல் காட்சியில் ஆற்றிலிருந்து ஒரு கை எடுக்கப்படுவது அதன் நிழல். அந்தக் கொலைகளையும் பேட்சன்தான் செய்தார் என்று பேச்சு எழுந்தது. அவற்றுக்காக அவர் மேல் வழக்கே போடப்படவில்லை. ஃப்ரீட்கின் பல பேட்டிகளில் அந்தச் சந்திப்பைப் பற்றிப் பேசியிருக்கிறார், கதை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் மாறுகிறது. அவர் நல்ல கதைசொல்லி, நல்ல சாட்சியா என்று கேட்டால் தலையாட்டத் தயங்குவேன். ஆகவே ‘பை கொலைகாரனின் உண்மைக் கதை’ என்று யாராவது வீடியோ போட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம்.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால்தான் சண்டை புரியும். வெரில் கொலையைப் பற்றி ‘வில்லேஜ் வாய்ஸ்’ பத்திரிகையில் எழுதியவர் ஆர்தர் பெல். அவரும் தன்பாலீர்ப்பாளர், போலீஸ் சோதனையை எதிர்த்து 1969இல் நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் நடத்திய ஸ்டோன்வால் கலகக் காலத்திலிருந்தே களத்தில் நின்றவர். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுக் கொலையாளியே அவருக்கு ஃபோன் போட்டு, நான்தான் செய்தேன் என்று சொன்னான். பெல் எழுதியவற்றைப் படித்துத்தான் இந்தப் படத்தை எடுக்கத் துணிந்தேன் என்று ஃப்ரீட்கின் பின்னாளில் சொன்னார். 1979 கோடையில் படத்தின் திரைக்கதை வெளியே கசிந்தபோது, படப்பிடிப்பை நடக்கவிடாதீர்கள் என்று முதல் ஆளாக எழுதியவரும் அதே ஆர்தர் பெல்தான். விதை விழுந்த தோட்டமும் அவருடையது, செடியைப் பிடுங்க வந்தவரும் அவரே. அவர் பக்கமிருந்து பார்த்தால் இதில் முரண்பாடே இல்லை. கொலைகளைப் போலீஸ் அலட்சியப்படுத்துகிறதே என்ற கோபத்தில் எழுதினார். அதை எடுத்து, கொலை என்பது அந்த மனிதர்களின் வாழ்க்கையிலேயே ஊறியிருப்பது போலப் படம் பண்ணினால் வயிறு எரியாதா?

அந்த ஆண்டையும் பார்க்க வேண்டும். ஸ்டோன்வால் கலகம் நடந்து அப்போது சரியாகப் பத்து வருஷம். சான் பிரான்சிஸ்கோவில், தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லித் தேர்தலில் ஜெயித்த ஹார்வி மில்க் 1978 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1979 மே மாதம் கொன்றவன் மேல் கொலைக்குற்றம் இல்லை, அதைவிடக் குறைந்த குற்றம்தான் என்று தீர்ப்பு வந்தது, தெரு பற்றி எரிந்தது. ஹாலிவுட்டில் தன்பாலீர்ப்பாளர் என்றால் அதுவரை ஒன்று கோமாளி, அல்லது தூக்கில் தொங்குகிறவர், அல்லது பைத்தியக்காரக் கொலைகாரன். குடும்பத்தோடு தோசை சாப்பிடுகிற, வேலைக்குப் போகிற, வாடகை கட்டத் திண்டாடுகிற ஒரு தன்பாலீர்ப்பாளரைப் பெரிய ஸ்டுடியோ படத்தில் பார்த்த ஞாபகமே அந்தத் தலைமுறைக்கு இல்லை. (தோசை என் சேர்க்கை.) அந்த வறட்சியில், முதல்தரமான இயக்குநரும் முதல்தரமான நட்சத்திரமும் சேர்ந்து எடுக்கும் படம் இதுவா என்ற ஆத்திரத்தை நான் முழுசாக ஏற்றுக்கொள்கிறேன். படத்தைப் பார்க்காமலே எதிர்த்தார்கள் என்று இன்றைக்கு ரசிகர்கள் நக்கலடிப்பது சரியில்லை. படம் அப்போது இல்லவே இல்லை. கையில் கிடைத்த திரைக்கதையைப் படித்துத்தான் எதிர்த்தார்கள்.

எப்படி எதிர்த்தார்கள் என்பதில்தான் என் தொழில் உள்ளே வருகிறது. தன்பாலீர்ப்பாளர்கள் நிறையப் பேர் வாழ்ந்த நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் தெருக்களில் கேமரா ஓடும்போது கூட்டம் கூட்டமாக வந்து விசில் ஊதினார்கள். ஏர் ஹார்ன் அடித்தார்கள். மொட்டை மாடிகளில் நின்றுகொண்டு கண்ணாடிகளால் வெளிச்சத்தைத் திருப்பி லைட்டிங்கைக் கெடுத்தார்கள். ஒரு பேரணியில் ஏறக்குறைய ஆயிரம் பேர் போனார்கள். அனுமதியை ரத்து செய்யச் சொல்லி மேயர் எட் காச்சிடம் கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார். படப்பிடிப்பு நிற்கவில்லை. ஆனால் ஒலி செத்துப்போனது. வெளியில் எடுத்த காட்சிகளின் வசனத்தில் பெரும்பகுதியைப் பிறகு ஸ்டுடியோவில் உட்கார்ந்து திரும்பப் பேசிச் சேர்க்க வேண்டியதாயிற்று.

நமக்கு இது சாதாரணம். தமிழ் சினிமாவில் பல தலைமுறை படப்பிடிப்பில் பேசியதைத் தூக்கிப் போட்டுவிட்டு டப்பிங் தியேட்டரில் புதிதாகப் பேசித்தான் படம் எடுத்திருக்கிறோம். அதனால்தான் ஒரு விஷயம் நம் காதுக்குச் சட்டென்று உறைக்கும். டப்பிங் குரலுக்கு ஊர் கிடையாது. தெருவில் நிற்கிறவனின் குரலில் தெருவின் எதிரொலி இருக்கும், லாரி போகும்போது அவன் கொஞ்சம் சத்தமாகப் பேசுவான், மூச்சு வாங்கும். மைக் முன்னால் நின்று பேசுகிறவனின் குரல் காய்ந்து, கிட்டத்தில், காதுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அதைத் தெருவில் நிற்பது போலக் காட்டத்தான் நாங்கள் ஆம்பியன்ஸ் (சுற்றுப்புறச் சத்தம்) போட்டு, ரிவர்ப் (எதிரொலி) போட்டு மெழுகுகிறோம். ‘குரூசிங்’ படத்தில் அந்த மெழுகல் பல இடங்களில் இல்லை. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். பசினோ நிஜத் தெருவில் நடக்கிறார், குரல் மட்டும் வேறெங்கோ இருந்து வருகிறது. சுற்றியிருக்க வேண்டிய நகரம் துடைத்துவிட்டது போல அமைதி. அந்த அமைதியில் சில சத்தங்கள் மட்டும் பெரிதாகக் கேட்கின்றன: தோல் ஜாக்கெட் முறுகும் சத்தம், இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கும் சத்தம், பூட்ஸ் சத்தம்.

நான் முதல் தடவை திருட்டு வீசிடியில் பார்த்தபோது பிரதி மோசம் என்று நினைத்தேன். பல வருஷம் கழித்து நல்ல பிரதி கிடைத்தபோது ஒரு கொலைக் காட்சியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டேன். படம் கனவு போல இருக்கிறது, எதையும் கைநீட்டிப் பிடிக்க முடியவில்லை என்று எல்லாரும் எழுதுகிறார்களே, அந்தத் தன்மையில் பாதி அங்கிருந்துதான் வருகிறது என்று அன்றைக்குத் தோன்றியது. கனவில் இப்படித்தான் கேட்கும். இது என் ஊகம்தான், ஃப்ரீட்கின் எதைத் திட்டமிட்டார், எது அவசரத்தில் நேர்ந்தது என்று வெளியிலிருந்து பிரிக்க முடியாது. ஆனால் அந்த அமைதிக்குக் காரணம் வெளியே நின்று விசில் ஊதியவர்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி இருக்கும். படத்தை நிறுத்த வந்தவர்கள் படத்துக்குள் போய்விட்டார்கள். அவர்கள் குரல் அழிக்கப்பட்ட இடம்தான் நாம் இன்று கேட்பது.

இப்போது கொலைகாரனுக்கு வருவோம். மேலோட்டமாகப் படம் ஒரு பதிலைக் கொடுக்கிறது: ஸ்டூவர்ட் ரிச்சர்ட்ஸ், கொலம்பியா பல்கலைக்கழக மாணவன். செத்துப்போன அப்பாவுக்குக் கடிதம் எழுதி எழுதி வைத்திருப்பவன். ஒரு கொலை நடந்த இடத்தில் கிடைத்த காசில் அவன் விரல்ரேகை பொருந்துகிறது. வழக்கு முடிந்தது என்று போலீஸ் கையைத் தட்டிக்கொள்கிறது. ஆனால் படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எல்லாக் கொலைகளிலும் கொலைகாரனாக வருவது ஒரே நடிகர் இல்லை. அதற்கும் மேலே, ஒரு கொலையில் செத்துப்போனவராக நடித்தவரே வேறொரு கொலையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கொலைகாரனாக வருகிறார். முகம் மாறுகிறது, குரல் மாறவில்லை. கொலைகாரன் பாட்டுப் பாடுவது போல முணுமுணுக்கும் அந்தக் குரலையே பிறகு ஸ்டூவர்ட்டின் அப்பா தோன்றும் காட்சியிலும் கேட்கிறோம். வேறு உடம்புகளுக்கு ஒரே குரலை ஒட்டியிருக்கிறார்கள். டப்பிங் தியேட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது தற்செயலாக நடக்காது என்று தெரியும். யாரோ ஒருவர் முடிவெடுத்து, ஆளைக் கூப்பிட்டு, ரீல் ரீலாகப் பேச வைத்திருக்கிறார்.

ஆகவே முதல் கேள்விக்கு என் பதில்: ஃப்ரீட்கின் தெரிந்துதான் குழப்பினார். ஒன்றுக்கு மேற்பட்ட கொலைகாரர்கள் இருக்கலாம் என்று வேண்டுமென்றே விட்டேன் என்று அவரே பிறகு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஸ்டூவர்ட் பிடிபட்ட பிறகு, பர்ன்ஸின் பக்கத்து வீட்டுக்காரன் டெட் கொல்லப்படுகிறான். படத்திலேயே சாதாரண மனிதனாக, நட்பாகப் பழகுகிறவனாக வந்த ஒரே தன்பாலீர்ப்பாளன் அவன்தான். சந்தேகம் அவனுடைய காதலன் கிரெகரி மேல் விழுகிறது. ஆனால் பர்ன்ஸ் அந்தக் கட்டடத்தில்தான் குடியிருந்தான் என்று உறைக்கும்போது எடல்சனின் முகம் மாறுகிறதே, சொர்வினோ ஒரு வார்த்தை பேசாமல் செய்யும் அந்த நடிப்புக்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம். சட்டப்படி பர்ன்ஸ்தான் கொன்றான் என்று நிரூபிக்கப் படத்தில் ஒரு ஆதாரமும் இல்லை. ‘பர்ன்ஸ்தான்’ என்று அடித்துச் சொல்கிறவர்களும் தப்பு, ‘ஸ்டூவர்ட்தான், கதை முடிந்தது’ என்கிறவர்களும் தப்பு.

கலைத்தந்திரமாக இது பிரமாதம். அதே தந்திரம்தான் குற்றமும் என்பதை ரசிகர்கள் ஒத்துக்கொள்ள மறுக்கிறார்கள். கொலைகாரன் யாராகவும் இருக்கலாம் என்றால் அர்த்தம் என்ன? அந்த பார்களுக்குள் நுழைகிற எவனும் கொலைகாரன் ஆகலாம் என்றுதானே? செத்தவனே அடுத்த தடவை கொல்கிறான், கொலை ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குத் தொற்றிக்கொள்கிறது. காதலியோடு இருந்த ஒரு போலீஸ்காரன் உள்ளே போய்விட்டு வேறு ஆளாக வெளியே வருகிறான். தன்பாலீர்ப்பு என்பது ஒட்டுவாரொட்டி, அதன் கடைசிப் படி வன்முறை என்று அந்தக் காலத்து மேடைகளில் பேசப்பட்ட பேச்சுக்கும் இதற்கும் எத்தனை அடி தூரம்? ஃப்ரீட்கின் அப்படி நம்பினார் என்று நான் சொல்லவில்லை. 1970இலேயே ‘தி பாய்ஸ் இன் தி பேண்ட்’ எடுத்தவர் அவர், அது முழுக்க முழுக்கத் தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றிய படம். தர்க்கம் படத்துக்குள் இருக்கிறது, அவர் நெஞ்சில் இருந்ததா என்பது வேறு விஷயம். எதிர்த்தவர்கள் திரைக்கதையில் மோப்பம் பிடித்தது இதைத்தான், அவர்கள் மூக்கு சரியாகவே வேலை செய்தது. ‘தன்பாலீர்ப்பாளர் உலகம் முழுவதையும் குற்றம் சாட்டும் படம் இல்லை, அதில் ஒரு சிறு பகுதியைத்தான் காட்டுகிறோம்’ என்ற பொருளில் வெளியீட்டின்போது படத்துக்கு முன்னால் ஒரு அறிவிப்பு போட்டார்கள். 2007இல் வந்த டிவிடியில் அது இல்லை. அப்படி ஒரு அறிவிப்பு தேவைப்பட்டதே பாதி ஒப்புதல் வாக்குமூலம்.

மாஸ்டர்பீஸ் என்கிறவர்களிடமும் சரக்கு இருக்கிறது. அவர்கள் அதைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள் என்பதுதான் என் குறை. கொலைகாரன் புதிரை விட்டுவிட்டுப் போலீஸைப் பாருங்கள். படம் தொடங்கியதுமே ரோந்து போகும் இரண்டு போலீஸ்காரர்கள் பெண் உடையில் இருக்கும் இருவரை வண்டிக்குள் இழுத்துப்போட்டு மிரட்டி அனுபவிக்கிறார்கள். இந்தப் படத்தில் முதலில் வேட்டைக்குச் சுற்றுவது ரோந்து வண்டிதான், தலைப்பின் சிலேடை அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. அதே போலீஸ்காரன் பிறகு பாருக்குள்ளும் தென்படுகிறான், கடைசிக் கொலை நடந்த இடத்திலும் சீருடையோடு நிற்கிறான். விசாரணை அறைக் காட்சி இன்னும் மோசம். இடுப்பில் ஜட்டி மாதிரி ஒன்றும் தலையில் கௌபாய் தொப்பியும் மட்டும் போட்ட ஆஜானுபாகுவான கறுப்பு மனிதர் ஒருவர் திடீரென்று உள்ளே வந்து, சந்தேகத்தில் பிடித்துவந்த பையனைப் பளார் என்று அறைகிறார். வேஷம் கலையக் கூடாது என்பதற்காகப் பர்ன்ஸுக்கும் விழுகிறது. யாரும் விளக்கம் சொல்வதில்லை. இப்படி அடித்தார்கள் என்று பிடிபட்டவன் சொன்னால் நீதிமன்றத்தில் யாரும் நம்பக் கூடாது என்பதற்காகவே செய்யும் கோமாளித்தனம் என்று ஒரு விளக்கம் உண்டு. அந்தக் காட்சிக்குப் பிறகுதான் பர்ன்ஸ் தன் மேலதிகாரியிடம், ஒருத்தன் கே என்பதற்காக அவனை மாட்டிவிட நான் இந்த வேலைக்கு வரவில்லை என்று எகிறுகிறான்.

எனக்குப் பிடித்த காட்சி ‘பிரீசிங்க்ட் நைட்’, அதாவது ‘போலீஸ் ஸ்டேஷன் இரவு’. பர்ன்ஸ் வழக்கமான லெதர் உடையில் பாருக்குப் போகிறான். உள்ளே எல்லாரும் அன்றைக்குப் போலீஸ் வேஷத்தில் இருக்கிறார்கள். தொப்பி, பேட்ஜ், லத்தி, கறுப்புக் கண்ணாடி. அந்தக் கூட்டத்திலேயே நிஜப் போலீஸ்காரன் அவன் ஒருவன்தான், உடை சரியில்லை என்று அவனைத்தான் வெளியே அனுப்புகிறார்கள். தியேட்டரில் பார்த்தால் சிரித்துவிடுவீர்கள். இதைவிடக் கூர்மையாகச் சீருடையைப் பற்றி ஒரு காட்சி எழுதிவிட முடியுமா? தோலும் காக்கியும் ஒன்றுதான், ஒன்றில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு விளையாடுகிறார்கள், மற்றதில் ஒத்துக்கொள்ளாதவனை அடிக்கிறார்கள். இது கைக்கருகிலேயே இருந்த படம். ஃப்ரீட்கின் அதைத் தொட்டுவிட்டு மறுபடி கத்திக்குப் போய்விட்டார். ராபின் வுட் என்ற விமர்சகர், அவரும் தன்பாலீர்ப்பாளர்தான், இந்தப் படத்தை ஒன்றோடொன்று பொருந்தாத எண்ணங்களால் உள்ளுக்குள்ளேயே உடைந்துபோன படங்களில் ஒன்றாக வைத்து எழுதினார். அந்த உடைசலில்தான் அக்கால அமெரிக்கா தெரிகிறது என்பது அவர் வாதம். எனக்கு அது ‘மாஸ்டர்பீஸ்’ என்ற சொல்லைவிட நியாயமாகப் படுகிறது.

வெட்டுப்பட்ட 40 நிமிஷம் பற்றிச் சுருக்கமாக. முதலில் பெரியவர்களுக்கு மட்டுமான எக்ஸ் சான்றிதழ்தான் என்றார்கள், 50 தடவை தணிக்கைக் குழுவிடம் போய் வெட்டி வெட்டி, சிறுவர்கள் பெரியவர்களோடு வந்து பார்க்கலாம் என்ற ஆர் சான்றிதழ் வாங்கினேன், 40 நிமிஷம் போனது, பெரும்பாலும் பார் காட்சிகள், கதைக்குச் சம்பந்தமில்லாதவை என்பது ஃப்ரீட்கின் சொன்ன கணக்கு. அந்தச் சுருள்கள் தேடியும் கிடைக்கவில்லை. கணக்குக்கு அவர் வாய்ச்சொல்தான் ஆதாரம். வெட்டிக் கொடுப்பதற்கென்றே நாலு காட்சியைக் கூடுதலாகச் சேர்த்து சென்சாருக்கு அனுப்பும் வித்தை நம் ஊரிலும் உண்டு என்பதால் நான் ஒரு புருவத்தை உயர்த்தியே வைத்திருக்கிறேன். காணாமல்போன அந்த 40 நிமிஷத்தைக் கற்பனை செய்து 2013இல் ஜேம்ஸ் ஃப்ராங்கோவும் ட்ராவிஸ் மாத்யூஸும் ஒரு படமே எடுத்தார்கள். கிடைத்த ஆர் சான்றிதழும் போதாமல், ஜெனரல் சினிமா என்ற பெரிய தியேட்டர் நிறுவனம் படத்தைப் போட மறுத்தது. மோசமான படங்களைக் கிண்டல் செய்து தரும் ராஸி விருதுகளின் முதல் வருஷத்தில் மோசமான படம், மோசமான இயக்குநர் பட்டியல்களில் பெயர் வந்தது. ஓட்டத்தில் தோல்வி என்றும் சொல்ல முடியாது, வெற்றி என்றும் சொல்ல முடியாது. பசினோ பல காலம் இதைப் பற்றிப் பேசுவதையே தவிர்த்தார். 2024இல் வந்த தன்வரலாற்றில்தான், முடிந்த படம் சுரண்டலாகப் பட்டது என்றும், சம்பளத்தை ஒரு அறக்கட்டளை நிதியில் போட்டு நற்காரியங்களுக்குப் போகவிட்டேன் என்றும் எழுதினார்.

படம் வெளியான அதே 1980ஆம் வருஷத்தின் நவம்பரில், கிரீனிச் வில்லேஜில் ஒரு லெதர் பாரின் வாசலில் நகர ரயில் போலீஸில் முன்பு வேலை பார்த்த ஒருவன் துப்பாக்கியால் சுட்டு இருவர் இறந்தார்கள். படம்தான் காரணம் என்று அன்று பலர் சொன்னார்கள், இன்றும் எழுதப்படுகிறது. படத்துக்கும் அந்தச் சூட்டுக்கும் தொடர்பு நிரூபிக்கப்பட்டது இல்லை. நடக்கும் என்று பயந்தவர்களுக்கு அது நடந்தது என்பது மட்டும் நிஜம்.

மிச்சமிருக்கும் ஒரு விஷயத்தை அந்தக் காலத்தில் யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. பார் காட்சிகளில் நிற்பவர்கள் பெரும்பாலும் துணை நடிகர்கள் இல்லை, நிஜமாகவே அந்த பார்களுக்குப் போய் வந்தவர்கள். மைன்ஷாஃப்ட் என்ற பிரபலமான இடம் படப்பிடிப்புக்கு அனுமதி தரவில்லை, அதனால் வேறொரு கிளப்பை அது போல மாற்றி எடுத்தார்கள். படத்தை எதிர்த்தவர்களும் தன்பாலீர்ப்பாளர்கள், படத்தில் நின்றவர்களும் தன்பாலீர்ப்பாளர்கள். வாசலில் ஒரு கூட்டம் மற்ற கூட்டத்தைப் பார்த்துத் துரோகி என்று கத்தியிருக்கிறது. அடுத்த வருஷம், 1981 ஜூனில், பின்னாளில் எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற நோயின் முதல் அறிக்கை வெளியானது. 1985இல் மைன்ஷாஃப்டை நகர நிர்வாகம் மூடியது. கேமரா அந்த வியர்வை அறைகளில் நிதானமாக நகர்ந்து போகும்போது, பின்னால் நடனமாடும் முகங்களில் எத்தனை பேர் அடுத்த பத்து வருஷத்தைத் தாண்டினார்களோ என்று நினைக்காமல் என்னால் பார்க்க முடிவதில்லை. அவர்கள் சிரிக்கிறார்கள், ஒருவரையொருவர் கண்ணால் கூப்பிடுகிறார்கள், பேண்ட்டின் பின்பக்கப் பையில் எந்த நிறக் கைக்குட்டை எந்தப் பக்கம் தொங்குகிறது என்பதை வைத்தே பேசிக்கொள்கிறார்கள். கதைக்குக் கொலை தேவைப்பட்டது. அந்த அறைகளில் எனக்குக் கொலை தெரியவில்லை. இன்று அந்தச் சமூகத்திலேயே சிலர் இந்தப் படத்தைத் தேடிப் பார்ப்பதற்கு இது ஒரு காரணம் என்று படித்திருக்கிறேன்.

மறுபடி பார்ப்பதாக இருந்தால் கடைசி இரண்டு நிமிஷத்தை மட்டும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். பர்ன்ஸ் வீட்டுக்குத் திரும்பிவிட்டான், குளியலறையில் முகச்சவரம் செய்கிறான். பக்கத்து அறையில் நான்சி அவன் கழற்றிப் போட்ட ஜாக்கெட்டையும் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் எடுத்துத் தானே மாட்டிப் பார்க்கிறாள். அந்தத் தோல் சத்தம் கேட்கும் நேரத்தில் திரையில் யார் முகம் இருக்கிறது, அந்த முகம் யாரைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். பிறகு வந்து உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுதுங்கள், என் கணிப்பு தப்பாகக்கூட இருக்கலாம்.